ஆறு நாற்பது பஸ்ஸின் சிரிப்பு

"உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் இஸ்திரி போட்டு மடிச்சு அலமாரியில வெச்சுட்டியா?"

சலவைக்கூடத்தின் மேற்பார்வைக்காரம்மா ஒருமுறை அவளைப் பார்த்து இப்படிக் கேட்டார். கேட்டது திங்கட்கிழமை காலை. அவளுக்குப் பதில் கிடைத்தது வியாழக்கிழமை மாலை. பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, 'இருக்கும்மா, சூடு ஆறட்டும்னு நிமிர்த்தி வெச்சிருக்கேன்' என்று பளிச்சென்று தோன்றியது. நல்ல பதில்தான். ஆனால் மூன்று நாள் கழித்து அந்தம்மாவின் முன்னால் போய் நின்று சொன்னால், மழை விட்ட பிறகு குடை விரித்த கதையாகிவிடும். விட்டுவிட்டாள்.

அவள் விஷயத்தில் பதில் வராமல் இல்லை. வரும், நடந்து வரும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டதும் அதனால்தான். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பார், வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும், தெரிந்த பதிலும் தொண்டைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் மேஜை விரிப்புகளும் வந்து குவியும் அந்தச் சலவைக்கூடத்தில் இரண்டாவது இஸ்திரி மேடை அவளுடையது. இஸ்திரிப் பெட்டி யாரையும் கேள்வி கேட்பதில்லை.

குடியிருப்பது அண்ணனோடும் அண்ணியோடும். பஸ் டிப்போவை ஒட்டிய கட்டடத்தில் இரண்டாவது மாடி, இரண்டே அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் டிப்போ வாசல் தெரியும். அண்ணன் அதிகம் பேசமாட்டான். வீட்டின் பேச்சு முழுவதையும் அண்ணியே குத்தகைக்கு எடுத்திருந்தாள். அவளை 'பாப்பா' என்று கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் 'ஊமைக்கோட்டான்'.

அண்ணன் தன் பழைய போனை அவளுக்குக் கொடுத்த அன்று, உன் படம் ஒன்றைப் போடு என்று அது கேட்டது. தன் முகத்தை எடுக்க அவளுக்குக் கூச்சம். அடுப்பின் மேல் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கெட்டிலைப் படமெடுத்துப் போட்டாள். போட்டது போட்டதுதான், நூற்றிருபது பேருக்கு அவள் பெயர் கெட்டில் ஆகிவிட்டது.

அந்த நூற்றிருபது பேரும் காலை ஆறு நாற்பது பஸ்ஸில் போகிறவர்கள். அந்த பஸ் முன்பெல்லாம் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. பொறுத்துப் பார்த்த ஒரு லிஃப்ட் மெக்கானிக், பஸ்ஸுக்குள் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் அச்சடித்த காகிதத்தை ஒட்டிவைத்தார். அதைப் போனில் படம் பிடித்தால் ஒரு குழுவுக்குள் போகலாம். பஸ் எங்கே வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காகத்தான் ஆரம்பித்தது. முதல் நிறுத்தத்தில் ஏறுவது அவள் ஒருத்திதான் என்பதால், 'கிளம்பிடுச்சு' என்று எழுதும் வேலை தானாகவே அவள் தலையில் விழுந்தது.

சில நாள் வெறுமே 'கிளம்பிடுச்சு' என்று எழுதினாள். பிறகு ஒரு நாள் பின்னால் ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டது. மறுநாள் இன்னொன்று. எழுதுவதில் அவளுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. நான்கு நிமிடம் யோசித்து எழுதினாலும் நான்கு நொடியில் எழுதினாலும் படிக்கிறவருக்கு ஒன்றுதான். அவள் முகத்தைப் பார்த்தபடி யாரும் காத்திருக்கவில்லை. அவளுடைய பதில் நிதானமாக நடந்து வந்து, மூச்சு வாங்கி, தலை வாரிக்கொண்டு உள்ளே நுழையலாம்.

சீக்கிரமே அதற்கு ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. ஐந்தாவது நிறுத்தம் தாண்டினால் நீளமான பாலம் வரும். நான்கு நிமிடத்துக்கு யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பஸ் பாலத்தில் ஏறியதும் அன்றைய வாக்கியத்தை அனுப்புவாள். பாலத்துச் செய்தி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அப்போது பஸ்ஸில் இருக்கும் ஐம்பது பேரின் போன்களும் ஒரே நேரத்தில் அதிரும். ஐம்பது தலைகள் குனியும். ஒரு நொடி அமைதி. அப்புறம் பஸ் மொத்தமும் சிரிக்கும்.

ஒருவரோடு ஒருவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாதவர்கள் அவர்கள். குழுவில்தான் எல்லாம். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் இருவர், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று குழுவில் சண்டை போட்டுக் குழுவிலேயே சமாதானம் ஆவார்கள். கனமான மூட்டையோடு நிற்கிறவர் 'சுமை' என்று எழுதினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள், முகத்தைக்கூடப் பார்க்காமல். தெரிந்ததெல்லாம் படங்கள்தான். வங்கிக் கவுண்டரில் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் பெயர் பூனை. லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் பனிமலை. படமே போடாத ஒரு பெரியவர் காலி வட்டம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. பஸ்ஸை விட்டார், குழுவை விட மனசில்லை. காலையில் படுக்கையில் இருந்தபடியே பாலம் வருவதற்காகக் காத்திருப்பாராம்.

கெட்டில் யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை. மூன்றாவது வரிசையில் பூப்போட்ட கைப்பையோடு ஒரு பெரியம்மா உட்காருவார். பஸ்ஸிலேயே பெரிய சிரிப்பு அவருடையது. அவர்தான் என்று எல்லாரும் முடிவு கட்டி, அவருக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்து, மரியாதையாகத் தலையசைத்து வந்தார்கள். பெரியம்மாவிடம் இருந்ததோ பொத்தானை அமுக்குகிற பழைய போன். எல்லாரும் சிரிக்கிறார்களே, நாம் மட்டும் உம்மென்று இருந்தால் நன்றாயிருக்குமா என்று சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி இருக்கையில் இருந்த கெட்டில் இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் கொதித்தாளா என்றால், இல்லை. ஆனந்தமாக இருந்தாள். புகழ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க, தான் கடைசி வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி தன் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறந்த வீட்டுக் குழுவில் யாரோ அனுப்பியதாம். இதைக் கேளு பாப்பா என்று வாசித்தாள்.

"எங்க பஸ் டிரைவர் ஒருத்தர் ஓடி வர்றதைப் பார்த்துட்டு பஸ்ஸை நிறுத்தினார். கதவையும் திறந்தார். அந்த ஆள் ஏறல. உடம்பு இளைக்க ஓடுறாராம்."

எவளோ ஒருத்தி எவ்வளவு நறுக்கென்று எழுதியிருக்கிறாள் பார், நீயும் இருக்கிறாயே என்றாள் அண்ணி. அவள் எழுதிய செய்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, யாருடையது என்று தெரியாமல், அவள் சாப்பாட்டு மேஜைக்கே திரும்பி வந்திருந்தது. தலையைக் குனிந்து சாப்பிட்டாள். காது மட்டும் சிவந்தது.

பாலத்துச் செய்திகளில் பாதிக்கு மேல் அந்த ஓட்டுநரைப் பற்றித்தான் இருக்கும். ஐம்பது வயதுக்காரர். கனத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசமாட்டார். வளைவில் திரும்பும்போது, மடியில் ஒரு தட்டு முட்டையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் மாதிரி அவ்வளவு பதமாகத் திருப்புவார். அதனால் அவர் பெயர் முட்டைக்காரர். ஆறாவது வரிசையில் எண்பது வயதுக் காலுக்குத் துணையாகக் கைத்தடி வைத்திருக்கும் அம்மா உட்காரும் வரை பஸ்ஸை நகர்த்தமாட்டார். அவர் விடுமுறையில் போனால் வேறொருவர் வருவார். பிரேக்கை மிதிக்கிற மிதியில் முந்தாநாள் சாப்பிட்டதும் ஞாபகத்துக்கு வரும். அந்த நாட்களில் குழுவே முட்டைக்காரரை நினைத்து ஏங்கும்.

ஓட்டுநர் மட்டும் குழுவில் இல்லை. ஸ்டியரிங் பிடித்த கையில் போன் பிடிக்க முடியாதல்லவா. நூற்றிருபது பேரில் ஒருவருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பூனை ஒரு செய்தி போட்டாள். அவள் தம்பிக்கு டிப்போவில் வேலை. தடம் மாற விரும்பும் ஓட்டுநர்களுக்கான பட்டியலில் நம் முட்டைக்காரர் பேர் எழுதியிருக்கிறாராம். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில், 'பயணிகள் தினமும் பாலத்தின் மேல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாராம்.

முதலில் இரண்டு மூன்று பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். போட்ட வேகத்திலேயே அழித்தார்கள்.

அவள் இஸ்திரி மேடையில் நின்றபடி அதைப் படித்தாள். ஒரு தலையணை உறை கருகியது. பதினான்கு மாதமாக அந்த மனிதர் தினமும் பாலத்தில் ஏறும்போது என்ன நினைத்திருப்பார் என்பதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். தலைக்கு மேல் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாத் தலையும் குனிந்திருக்கும், அப்புறம் எல்லா வாயும் திறக்கும். யாராக இருந்தாலும் தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொள்ளத்தான் செய்வார்கள். இனி அந்த பிரேக் மிதிக்காரர்தான் நிரந்தரமாக வரப்போகிறார். கைத்தடி அம்மா என்ன ஆவார்? எல்லாம் தன் கைவிரல் செய்த வேலை.

குழு சும்மா இருக்கவில்லை. அவரைப் பாராட்டி மேலிடத்துக்கு எழுதுவோம் என்றார் பனிமலை. போக்குவரத்து அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார். இரவுக்குள் அறுபத்திரண்டு பேர் எழுதிவிட்டார்கள். தங்கமான மனுஷர், தாயைப் போல ஓட்டுகிறார், இவரை மாற்றாதீர்கள். காலி வட்டம் நான்கு பத்தி எழுதினார், அதில் ஒன்று தன் முழங்கால் வலியைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை பூனை மறுபடி வந்தாள்.

அந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரே ஒரு படிவம்தான் உண்டு. அதன் பெயர் புகார்ப் படிவம். பாராட்டு என்று ஒரு பிரிவை யாரும் வைக்கவில்லை, தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் படிக்காது, எண்ணும். எண்ணிப் பார்த்துவிட்டு, 'உங்கள் மீது ஒரே நாளில் அறுபத்திரண்டு புகார்கள் வந்துள்ளன, மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்' என்று அதுவாகவே ஒரு கடிதம் அச்சடித்து அவர் கையில் கொடுத்துவிட்டது. பத்தொன்பது வருட வேலையில் அந்த மனிதர் மீது மொத்தம் ஒரே ஒரு புகார்தான் வந்திருந்ததாம். அதுவும் வேறொருவருக்குப் போகவேண்டியது. டிப்போவே வந்து வேடிக்கை பார்த்ததாம்.

பூனை முடிவாக எழுதினாள்: "கடிதத்தைப் பத்தி மேலதிகாரிகிட்ட பேசிக்கலாம், எல்லாத்தையும் படிச்சா அவருக்கே புரியும். ஆனா டிரைவர் மனசு விட்டுட்டார். பட்டியல் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரிய ஆபீசுக்குப் போகுது. அதுக்குள்ள அவரே வந்து தன் பேரை அடிச்சாதான் உண்டு."

பனிமலை எழுதினார்: "நாம செய்யறதெல்லாம் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடியுது. யாராவது நேர்ல பேசுங்க. கெட்டில், எழுதினது நீங்க. பேச வேண்டியதும் நீங்கதான். உங்களுக்கென்ன, வாய் இருக்கு."

பேசாமல் இருக்கிறவளிடம் போய் வாய் இருக்கிறது என்கிறாரே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. 'சரி' என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

அன்று மாலை சமையலறையில் நின்று, சுவரைப் பார்த்து, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அண்ணி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. யாரை அண்ணே என்கிறாய், உன் அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறான் என்றாள் அண்ணி. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஓடுகிற ஆள் செய்தியும் தன்னுடையதுதான் என்பதையும் சொன்னாள்.

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி. அதை நான் எங்க சித்தி குரூப்புக்கு அனுப்பினேன். நான்தான் எழுதினேன்னு நெனச்சு ரெண்டு மாசமா எல்லாரும் என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க."

"நீங்க இல்லைன்னு சொல்லலையா அண்ணி?"

"நான்தான்னு சொல்லல. இல்லைன்னும் சொல்லல. அவங்களா நெனச்சா நான் என்ன பண்ண?" போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு நான் கூட வரட்டா? நான் பேசிடறேன். அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்."

அண்ணி பேசினால் ஐந்து நிமிடத்தில் முடியாது என்பது ஒரு பக்கம். இது தான் எழுதியது என்பது இன்னொரு பக்கம். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

புதன்கிழமை ஆறு இருபதுக்கே பஸ்ஸில் ஏறினாள். உள்ளே அவரும் அவளும்தான். ஓட்டுநர் ஒரு மஞ்சள் துணியால் முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பின்னால் போகிற கால், பழக்கதோஷத்தில் கடைசி இருக்கை வரை போய்விட்டது. அங்கிருந்து திரும்பி முன்னால் நடந்து வருவதற்குள் அவளுக்குப் பதினோரு வரிசையும் பதினோரு மைலாகத் தெரிந்தன.

மூன்றாவது முயற்சியில்தான் "அண்ணே" வெளியே வந்தது. கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறதம்மா என்றார் அவர், திரும்பாமலே.

போனை நீட்டினாள். அவர் பாம்பைப் பார்த்தது போல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தலைக்கு மேல் இருந்த கேமராவைக் காட்டினார். அந்த இருக்கையில் உட்கார்ந்து போனைத் தொட்டால் மெமோ வருமாம். ஏற்கெனவே வந்த கடிதம் போதாதா?

"என்ன இருக்கோ வாயால சொல்லும்மா."

அவள் தொண்டை கதவைச் சாத்தப் பார்த்தது. சாத்துவதற்குள் சொல்லிவிட்டாள்.

"பாலத்துல சிரிக்கிறது உங்களைப் பார்த்து இல்லண்ணே. நான் எழுதுறதைப் பார்த்து." நேர்மை அவளை விடவில்லை. "நான் எழுதுறது உங்களைப் பத்தி."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. படி என்றார்.

முதல் செய்தியிலிருந்து ஆரம்பித்தாள். குரல் கொசு மாதிரி இருந்தது. சத்தமாகப் படி, என் காது எஞ்சினுக்குப் பழகிய காது என்றார். சத்தமாகப் படித்தாள்.

"முட்டைக்காரர் வளைவுல திரும்புறார். ஒண்ணாவது குஞ்சு பொரிச்சு வெளிய வந்தாதான் ஸ்டியரிங்கை நிமிர்த்துவார்."

"யாரு அந்த முட்டைக்காரர்?"

அவள் போனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்கதாண்ணே."

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் மேலே படித்தாள். வேறு என்ன செய்வது? முன்னால் போன சைக்கிள்காரருக்கு அவசரம் இருக்கும் என்று பஸ் வழிவிட்ட கதை. அவர் கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டபோது, இடது பக்க மீசை ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்ட கதை. இதைப் படிக்கும்போது அவர் கை தானாக மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது. அப்புறம் ஓடுகிற ஆள் கதை வந்தது.

"அது முழுசா இல்ல," என்றார் அவர். "மறுநாளும் அந்த ஆள் ஓடி வந்தான். மறுநாளும் நிறுத்தினேன். அன்னிக்கு நீ வரல."

"தெரிஞ்சுமா நிறுத்தினீங்க?"

"அன்னிக்கு ஒருவேளை பஸ்ஸுக்காக ஓடியிருந்தா?"

இதை எழுதாமல் விட்டோமே என்று அவளுக்கு விரல் அரித்தது. ஆனால் மணி ஆறு நாற்பது. அவர் எஞ்சினைக் கிளப்பினார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. 'கிளம்பிடுச்சு' என்று எழுதவே அவள் மறந்துபோனாள். இரண்டாவது நிறுத்தத்திலிருந்து ஐந்தாவது வரை நின்றிருந்தவர்கள் பஸ் வருமா வராதா என்று பதறிப்போய்க் குழுவில் எழுபது செய்தி போட்டிருந்தார்கள். அன்று பாலத்துச் செய்தியும் இல்லை. பஸ் மௌனமாகப் பாலத்தைக் கடந்தது. மூன்றாவது வரிசைப் பெரியம்மா மட்டும், சிரிப்பு வரும் நேரமாயிற்றே என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, லேசாகச் செருமிக்கொண்டார்.

என்ன ஆயிற்று என்று குழு கேட்டது. 'பேசினேன். நாளைக்கும் பேசணும்' என்று எழுதினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் நன்றியோடு பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அவருக்கு ஒரு ஆரஞ்சுப்பழம் கொடுத்தார்.

வியாழக்கிழமை மிச்சத்தைப் படித்தாள். இப்போது குரல் கொசுவிலிருந்து தேனீ அளவுக்கு வளர்ந்திருந்தது. படித்து முடித்துவிட்டு, தடம் மாறிப் போகாதீர்கள் என்றாள். கோபம் இருந்தால் உங்களைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்றாள். அது அவள் வாழ்க்கையிலேயே யாரிடமும் மூச்சு விடாமல் பேசிய மிக நீளமான பேச்சு.

அவர் துணியை உதறினார்.

"கோபம்னு யாரும்மா சொன்னா? பத்தொன்பது வருஷமா ஓட்டுறேன். பின்னாடி அழுவாங்க, சண்டை போடுவாங்க, குறட்டை விடுவாங்க. எல்லாம் காதுல விழும், ஏன்னு புரியும். வீட்டுக்குப் போய்ச் சொல்லுவேன். இப்போ பஸ்ஸே சிரிக்குது, ஏன்னு தெரியல. வீட்டுக்காரி தினமும் கிளம்பும்போது என் முதுகைத் திருப்பிப் பார்த்து அனுப்புறா, சட்டையில ஏதாவது ஒட்டியிருக்கான்னு. நம்ம வீட்டுக் கூடத்துல எல்லாரும் உட்கார்ந்து சிரிக்கிறாங்க, நாம மட்டும் சமையலறையில நிக்கிறோம்னு வெச்சுக்கோ. எத்தனை நாள் நிப்பே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பினார்.

"பேரை எழுதினது எழுதினதுதான்," என்றார். "எழுதிட்டு அடிச்சா டிப்போவுல என்னைப் பார்த்து நிஜமாவே சிரிப்பாங்க."

நாள் முழுவதும் அவள் போர்வைகளை மடித்துக்கொண்டே யோசித்தாள். இருநூறு போர்வைக்குப் பிறகு பதில் நடந்து வந்து சேர்ந்தது. இந்தத் தடவை அது தாமதமாக வரவில்லை. வெள்ளிக்கிழமை இன்னும் பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு, பின்னால் போகாமல், ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையிலேயே உட்கார்ந்தாள். இன்றைக்கு அனுப்பப் போகிற செய்தி, இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்றாள். இனி பாலத்துச் செய்தி எதுவானாலும் முதலில் உங்களுக்குத்தான். நீங்கள் கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. தப்பு இருந்தால் திருத்துங்கள், பிடிக்காவிட்டால் அடித்துவிடுகிறேன். தினமும் இதே நேரத்துக்கு வருவேன், வாயால் சொல்வேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் படித்தாள்.

"இன்னிக்குப் பாலத்துல டிரைவர் சீட்டுல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். யாரும் பயந்து இறங்கிடாதீங்க. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல."

மஞ்சள் துணி கண்ணாடியில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த இடம் எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டிருந்தது. மீசைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மீசையின் இரண்டு முனைகள் மட்டும் லேசாக அசைந்தன.

"இன்னொரு தடவை படி," என்றார்.

படித்தாள். இந்த முறை கதவுக்கு வெளியே கேட்கிற அளவுக்குச் சத்தமாக. வாசலில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த டிப்போக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, துடைப்பத்தின் மேல் சாய்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அது எதற்கான சிரிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மணி ஆறு முப்பத்தொன்று. டிப்போவின் எதிர்ப்பக்கம், பட்டியல் தொங்கும் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மஞ்சள் துணியை நான்காக மடித்து ஸ்டியரிங் மேல் வைத்தார். எழுந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், பேனா இருந்தது. கதவைத் திறந்து, படியிறங்கி, அந்த அறையை நோக்கி நடந்தார்.